இனிப்பை இனிப்பென்றே சொல்லிக் கொடுப்போம்

நோயாளி இருக்கும் இல்லங்களில் இனிப்பைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் வழங்கி வருகின்றன. "ஓட்ஸில் செய்ததுதானே, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடட்டும்" என்பது ஒன்று. "உடம்பு தேறும்வரை இனிப்பு என்ற பேச்சையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது" என்பது மற்றொன்று. இரண்டும் அன்பிலிருந்து பிறப்பவைதாம். ஆயினும் இரண்டுமே நோயாளிக்குத் தீங்கு செய்யக்கூடியவை என்பதை உணவு ஆலோசனைப் பணியில் நாங்கள் தொடர்ந்து கண்டு வருகிறோம். முதற்பேச்சு இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. இரண்டாவது பேச்சு, உண்ண வேண்டியவரை உண்ணவிடாமல் மெலிய வைக்கிறது. சில வீடுகளில் ஒளித்து உண்ணவும் பழக்கிவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே நேரான பாதை ஒன்று உண்டு. நோயாளிக்கு எந்த இனிப்பு, எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவக் குழுவுடன் பேசி முடிவு செய்யுங்கள், வீட்டில் அளந்து செய்யுங்கள், எண்ணிக் கொடுங்கள், இனிப்பை இனிப்பென்றே சொல்லிக் கொடுங்கள். இதுவே இக்கட்டுரையின் கருத்து. இதனை விளக்க ஓட்ஸ் சாக்லேட் பார் என்னும் எளிய பண்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அயல்நாட்டில் வாழும் பிள்ளைகள் அனுப்பும் செய்முறைகள் வழியாகவும், கடைகளில் ஓட்ஸ் எளிதாகக் கிடைப்பதாலும், இது இப்போது நம் சமையலறைகளுக்கும் வந்துவிட்டது. "இதை அப்பாவுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டு வருவோரும் பெருகியிருக்கிறார்கள்.

பிறந்த இடமும் வளர்த்த கைகளும்

இப்பண்டத்தின் தாயகம் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள மாசசூசெட்ஸ் மாநிலம். அங்கே விட்மன் என்னும் ஊரில் ரூத் வேக்ஃபீல்டு என்ற பெண்மணி, தம் கணவருடன் 1930-இல் டோல் ஹவுஸ் என்னும் விடுதியைத் தொடங்கினார். வெண்ணெயும் சர்க்கரையும் கலந்த மாவில் சாக்லேட்டைச் சிறு துண்டுகளாக உடைத்துச் சேர்த்து அவர் சுட்ட பிஸ்கட்டே, உலகெங்கும் இன்று சாக்லேட் சிப்ஸ் குக்கீ என்று வழங்குகிறது. 1939 முதல் அந்தச் செய்முறை நெஸ்லே நிறுவனத்தின் சாக்லேட் உறைகளில் அச்சாகி வீடுதோறும் சென்றது. பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. விடுதி நடத்த வருவதற்கு முன் ரூத் வேக்ஃபீல்டு உணவியல் பணியாளராகவும், உணவைப் பற்றி விரிவுரை ஆற்றுபவராகவும் இருந்தவர். உலகம் விரும்பும் ஓர் இனிப்பை உருவாக்கியவர் உணவியல் கற்றவரே.

அதே மாநிலத்தின் பாஸ்டன் நகரில், அவருக்கு ஒரு தலைமுறை முன்பு வாழ்ந்தவர் ஃபேனி ஃபார்மர். பதினாறாம் வயதில் நோய் தாக்கி நடக்க இயலாமல் கிடந்தவர். அதனாலேயே கல்லூரிப் படிப்பை இழந்தவர். பின்னர் சமையற்பள்ளியில் சேர்ந்து, அதன் தலைவராக உயர்ந்து, 1896-இல் புகழ்பெற்ற சமையல் நூல் ஒன்றை வெளியிட்டார். 'ஒரு கைப்பிடி', 'வெண்ணெய் ஒரு முட்டை அளவு' என்று கண்மதிப்பாகச் சொல்லி வந்த காலத்தில், கரண்டியையும் குவளையையும் மேற்பரப்புச் சமமாக வழித்து அளக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அவர். 1904-இல் நோயாளிகளுக்கும் உடல் தேறி வருவோருக்கும் உரிய உணவைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் அப்பொருள் குறித்து உரையாற்றினார்.

சமமாக வழித்த கரண்டி என்பது சமையலின் ஒழுங்கு மட்டுமன்று. நோயாளியின் பாதுகாப்பும் அதுவே. அளந்து செய்த உணவுக்குத்தான் கணக்கு உண்டு. கணக்கு உள்ள உணவைத்தான் இன்சுலின் அளவோடும் மாத்திரையோடும் பொருத்திப் பார்க்க முடியும்.

ஓட்ஸ் என்னும் பெயரின் மயக்கம்

ஓட்ஸ் நல்ல தானியம் என்பதில் ஐயமில்லை. அதில் பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ச்சத்து இருக்கிறது. அது குடலில் கூழ்போலாகிப் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேறுகிறது. இழந்த பித்த அமிலத்தை ஈடுசெய்ய, கல்லீரல் இரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துக்கொள்கிறது, இவ்வாறு எல்.டி.எல். என்னும் தீய கொழுப்பு ஓரளவு குறைகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இல் இதனை ஏற்று, ஓட்ஸ் பொட்டலங்களில் இதயநலம் பற்றி அச்சிட அனுமதி அளித்தது. அதற்கு அது குறிப்பிட்ட அளவு, நாள் ஒன்றுக்கு 3 கிராம் பீட்டா குளுக்கான். அதுவும் நிறைகொழுப்பு குறைந்த உணவுமுறையின் ஒரு பகுதியாக.

இப்போது நம் வில்லையின் கணக்கைப் பார்ப்போம். பின்னால் தரும் செய்முறையில் 150 கிராம் ஓட்ஸ் பதினாறு வில்லைகளில் பங்கிடப்படுகிறது. ஒரு வில்லைக்கு 9 கிராம் அளவே ஓட்ஸ் வருகிறது. அதிலுள்ள பீட்டா குளுக்கான் ஏறத்தாழ 0.4 கிராம். 3 கிராமை எட்ட வேண்டுமானால் எட்டு வில்லைகள் உண்ண வேண்டும். எட்டு வில்லைகளில் சுமார் 1,450 கலோரியும், 90 கிராம் சர்க்கரையும், வெண்ணெயிலிருந்தும் சாக்லேட்டிலிருந்தும் வரும் 40 கிராம் நிறைகொழுப்பும் இருக்கும். எந்தத் தீய கொழுப்பைக் குறைக்க ஓட்ஸை நாடினோமோ, அதையே ஏற்றிவிடும் நிறைகொழுப்பு அது. மாறாக, 40 கிராம் ஓட்ஸைப் பாலிலோ மோரிலோ கஞ்சியாகக் காய்ச்சினால், ஒரு கிண்ணத்திலேயே ஒன்றரை கிராமுக்குக் குறையாத பீட்டா குளுக்கான் கிடைத்துவிடும்.

ஆகவே இதய நோயாளிக்கு நார்ச்சத்து வேண்டுமென்றால் கஞ்சி கொடுங்கள். இனிப்பு உண்ணும் மகிழ்ச்சி வேண்டுமென்றால் ஒரு வில்லை கொடுங்கள். ஒன்றன் பெயரைச் சொல்லி மற்றொன்றைக் கொடுக்காதீர்கள்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவற்றைப் பற்றியும் இதே மயக்கம் நிலவுகிறது. இவற்றில் சிறிதளவு தாது உப்புகள் இருக்கலாம். மணமும் சுவையும் சிறப்பாக இருக்கலாம். ஆனால் இரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை இவையும் வெள்ளைச் சர்க்கரையின் உடன்பிறப்புகளே. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சேர்க்கப்படும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றின் சர்க்கரையும் சேர்ந்து ஒருவரது நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 5 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 25 கிராமுக்குள் இருப்பது மேலும் நல்லது. நம் வில்லை ஒன்றில் 11 கிராம் இருக்கிறது. இரண்டு வில்லைகளும் சர்க்கரை சேர்த்த ஒரு குவளைக் காப்பியும் அந்த அளவைத் தாண்டிவிடும்.

செய்முறை

கடையில் வாங்கும் ஓட்ஸ் பிஸ்கட்டின் உறையைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்கள் எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். பலவற்றில் மைதாவும் சர்க்கரையும் எண்ணெயும் முன்னே நிற்க, ஓட்ஸ் பின்னே நிற்பதைக் காணலாம். வீட்டில் செய்வதன் முதற்பயன், எது எவ்வளவு என்பது நம் கையில் இருப்பதுதான்.

வட்டமாகத் தட்டிச் சுடும் குக்கீயைக் காட்டிலும் பாராகச் செய்வது எளிது. உருட்ட வேண்டாம், தட்ட வேண்டாம். ஒரே தட்டில் பரப்பி ஒரே முறையில் சுட்டு எடுக்கலாம். இரவெல்லாம் விழித்திருந்து வந்த பராமரிப்பாளருக்கு இது பெரிய ஆறுதல். மற்றொரு நன்மையும் உண்டு. கையால் உருட்டும் குக்கீ ஒன்று சிறிதாகவும் ஒன்று பெரிதாகவும் அமையும். சதுரத் தட்டில் நாலுக்கு நாலாகக் கோடு போட்டு வெட்டினால் பதினாறும் ஒரே அளவாக இருக்கும்.

தேவையானவை:

ஓட்ஸ், மசாலாவோ சுவையூட்டியோ சேர்க்காத தட்டையான வகை – 150 கிராம்
கோதுமை மாவு – 120 கிராம்
உப்பில்லாத வெண்ணெய் – 115 கிராம்
நாட்டுச் சர்க்கரை – 120 கிராம்
முட்டை – 1
சாக்லேட் சிப்ஸ், அல்லது பொடியாக நறுக்கிய கரிய சாக்லேட் – 120 கிராம்
சமையல் சோடா – அரைத் தேக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி
வெனிலா எசன்ஸ் – 1 தேக்கரண்டி

வெண்ணெயை உருக்கி, நாட்டுச் சர்க்கரையைச் சேர்த்துக் கலக்கி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது முட்டையைச் சேர்த்தால் அது திரிந்துவிடும். ஆறியபின் முட்டையையும் வெனிலாவையும் சேர்த்து அடித்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் மாவு, ஓட்ஸ், சோடா, உப்பு ஆகியவற்றைக் கலந்து, வெண்ணெய்க் கலவையில் கொட்டி, மாவு மறையும்வரை மட்டும் கிளறுங்கள். மிகுதியாகப் பிசைந்தால் வில்லை இறுகிவிடும். கடைசியாகச் சாக்லேட்டைச் சேருங்கள். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் வெண்ணெய்த்தாள் விரித்து, கலவையைச் சமமாக அழுத்திப் பரப்புங்கள்.

முன்கூட்டியே 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓவனில் 22 முதல் 25 நிமிடம் வேகட்டும். ஓரம் பொன்னிறமாகி, நடுவில் குத்திய குச்சியில் ஈரமாவு ஒட்டாமல் வந்தால் பதம். உருகிய சாக்லேட் ஒட்டினால் அது குறையன்று. ஓவன் இல்லாதவர்கள், கனமான பாத்திரத்தின் அடியில் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு தாங்கியை வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கியபின் தட்டை உள்ளே வைத்துச் சிறுதீயில் சுமார் 40 நிமிடம் சுடலாம். குக்கரைப் பயன்படுத்தினால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் நீக்கிவிடுங்கள்.

முழுதாக ஆறியபின்பே, அதாவது ஒரு மணி நேரமாவது கழித்தே வெட்ட வேண்டும். சூட்டில் வெட்டினால் உதிர்ந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நாள் வைத்திருக்கலாம்; வெயில் காலத்தில் குளிர்பெட்டியில் வையுங்கள்.

ஒரு வில்லையில் சுமார் 180 கலோரி, 23 கிராம் மாவுச்சத்து, 9 கிராம் கொழுப்பு, 3 கிராம் புரதம் இருக்கும். நாட்டுச் சர்க்கரையையும் சாக்லேட்டையும் 80 கிராமாகக் குறைத்தாலும் பண்டம் நன்றாகவே வரும். அப்போது மாவுச்சத்து சுமார் 20 கிராமாகும். அதற்கு மேலும் குறைத்தால் வில்லை வறண்டுபோகும். இனிப்பைத் தருவதோடு, ஈரத்தைப் பிடித்து வைப்பதும் நிறத்தைத் தருவதும் சர்க்கரையின் வேலைகளே. முட்டை உண்ணாதவர்கள் அதற்கு ஈடாக மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர் சேர்க்கலாம்.

மறுப்பதால் வரும் கேடு

இனி இரண்டாவது பேச்சுக்கு வருவோம். இனிப்பை முற்றிலும் விலக்கிவிட்டால் நோயாளி நலம் பெறுவார் என்ற நம்பிக்கை பல குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரின் வீடுகளில் இது மிகுதி. "சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும்" என்று யாரோ சொன்ன சொல்லை நம்பி, பழத்தைக்கூட மறுப்போர் உண்டு. உடலின் எல்லா உயிரணுக்களும் குளுக்கோஸைப் பயன்படுத்துகின்றன, புற்றணுக்களும் பயன்படுத்துகின்றன. ஆனால் உணவில் சர்க்கரையை நிறுத்துவதால் புற்றணுவை மட்டும் பட்டினி போட்டுவிட முடியாது. நாம் உண்ணாவிட்டால், உடல் தன் தசையைக் கரைத்தாவது குளுக்கோஸை உருவாக்கிக்கொள்ளும். அவ்வாறு தசை கரைந்து, எடை குறைந்து, வலுவிழந்து போவதுதான் சிகிச்சையைத் தாங்க முடியாமல் செய்யும் உண்மையான ஆபத்து.

கீமோதெரபி பெறுவோருக்கு நாக்கில் உலோகச் சுவை தோன்றலாம். சமைக்கும் மணமே குமட்டலாம். இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்துவிடலாம். அவர்களுக்குச் சிறிய அளவில் மிகுந்த ஆற்றல் தரும் உணவை, ஒரு நாளில் பலமுறை கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் வழக்கமான அறிவுரை. குளிர்பெட்டியில் வைத்து எடுத்த வில்லைக்கு மணம் குறைவு. மெல்லும் வேலையும் பெரிதாக இல்லை. ஒரு குவளைப் பாலுடன் சேர்ந்தால் 300 கலோரி ஆகிறது. முழுச்சாப்பாட்டைத் தள்ளிவைக்கும் ஒருவர் இந்த அளவை உண்டுவிட்டால், அது அன்றைய நாளின் வெற்றி. வில்லையில் புரதம் குறைவாதலால், முட்டை, பருப்பு, தயிர் ஆகியவற்றை வேறு வேளைகளில் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு அளவு கட்டாயம். ஆனால் அளவு என்பதும் தடை என்பதும் ஒன்றல்ல. இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர், மருத்துவர் அல்லது உணவியல் நிபுணரின் ஒப்புதலுடன், உணவில் வேறோர் இடத்தில் மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டு, எப்போதாவது ஒரு வில்லை உண்ணலாம். உண்டதைக் குறித்துவைத்து, இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்த்தால், தம் உடல் அதை எப்படி ஏற்கிறது என்பது அவருக்கே விளங்கும். இந்த அறிவு, 'கூடாது' என்ற ஒற்றைச் சொல் தர முடியாத பாதுகாப்பைத் தரும். கண்டிப்பு மிகுந்த வீட்டில் முதியவர்கள் தலையணைக்கடியில் மிட்டாயை ஒளித்துவைக்கிறார்கள். ஒளித்து உண்டதை யாரிடமும் சொல்வதில்லை. சர்க்கரை ஏறியதற்குக் காரணம் தெரியாமல் மருத்துவர் மருந்தைக் கூட்ட நேரிடுகிறது. பிறகு ஒரு நாள் அவர் ஒளித்து உண்ணாதபோது, கூட்டிய மருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். வீட்டில் உண்மை பேச முடியாமற்போவதற்கு உடல் இப்படியும் விலை கொடுக்கிறது.

கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள்

வீட்டில் செய்தது என்பதனால் எல்லார்க்கும் ஏற்றது என்று கொள்ளக் கூடாது. கீழ்க்கண்டவர்களின் குடும்பத்தார் எங்களிடம் கேட்காமல் இதைக் கொடுக்க வேண்டாம்.

சிறுநீரக நோயாளிகள்: சாக்லேட்டிலும் ஓட்ஸிலும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு இவற்றின் அளவு முக்கியம்.

நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள்: கீமோதெரபி பெறுவோரும் உறுப்பு மாற்று செய்துகொண்டோரும் வேகாத மாவை நாவில் வைத்துப் பார்க்கக் கூடாது. பச்சை முட்டையில் மட்டுமன்றி, பச்சை மாவிலும் கிருமிகள் இருக்கக்கூடும். 2016-இல் அமெரிக்காவில் கோதுமை மாவின் வழியாக ஈ.கோலி தொற்று பரவி, பெருமளவில் மாவு திரும்பப் பெறப்பட்டது. நடுப்பகுதி நன்றாக வெந்ததா என்று பாருங்கள். அன்றே செய்து அன்றே கொடுங்கள்.

விழுங்குவதில் இடர் உள்ளவர்கள்: பக்கவாதத்திற்குப் பின் சிலருக்கு உதிரும் உணவு மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும். பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் ஒப்புக்கொள்ளும்வரை இதைத் தவிர்க்க வேண்டும். வாய்ப்புண் உள்ளவர்களுக்கும் ஓட்ஸின் சொரசொரப்பு வலி தரும்.

சீலியாக் நோய் உள்ளவர்கள்: கோதுமை இவர்களுக்கு ஆகாது. ஓட்ஸிலும் அறுவடையிலும் அரைவையிலும் கோதுமை கலந்துவிடுவது உண்டு. தூய ஓட்ஸ்கூடச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஒவ்வாமை உள்ளவர்கள்: இதில் கோதுமை, பால், முட்டை மூன்றும் உள்ளன, சாக்லேட்டில் சோயாவும் கொட்டைப்பருப்புத் துகள்களும் இருக்கலாம். இக்காரணத்தாலேயே, பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு அன்போடு ஒரு வில்லையை நீட்டும் வழக்கத்தைத் தவிர்க்குமாறு வேண்டுகிறோம். அவருடைய நோயும் மருந்தும் நமக்குத் தெரியாது.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர்: திட உணவு உண்டு குறைந்தது 6 மணி நேரமும், கொழுப்பு மிகுந்த உணவாயின் 8 மணி நேரமும் கடக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. மயக்க மருந்து நிபுணர் சொல்லும் நேரமே இறுதியானது. "ஒரு துண்டுதானே" என்று கொடுத்தால் அறுவை சிகிச்சையே தள்ளிப்போகும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். நீரிழிவு நோயாளிக்குத் திடீரென்று சர்க்கரை இறங்கி, வியர்வையும் நடுக்கமும் வந்தால், அவசரத்துக்கு இந்த வில்லையைக் கொடுக்காதீர்கள். இதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

"எள்ளுருண்டை இருக்க இது எதற்கு?"

இக்கேள்வியைப் பெரியோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். எள்ளுருண்டையும் பொரிவிளங்காய் உருண்டையும் பாசிப்பருப்பு உருண்டையும் எவ்விதத்திலும் இதற்குக் குறைந்தவை அல்ல. புரதக் கணக்கில் பருப்பு உருண்டை இதனை விஞ்சவும் கூடும். இதைத்தான் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நோயாளிக்குப் பிடித்ததைச் செய்யுங்கள். எதைச் செய்தாலும் மேலே சொன்னபடி அளந்து செய்யுங்கள். உருண்டை பிடிப்பவர்கள் மொத்த மாவையும் வெல்லத்தையும் எடை போட்டு, இத்தனை உருண்டை என்று எண்ணிப் பிடித்தால் அதே கணக்கு அங்கும் கிடைக்கும்.

பேரப்பிள்ளை விரும்புவதைத் தாத்தாவும் உண்ண விரும்புகிறார் என்றால், அதற்கும் ஒரு பொருள் உண்டு. வீட்டில் எல்லாரும் ஒன்றை உண்ண, தனக்கு மட்டும் வேறு தட்டு வருவது நோயாளிக்கு நாள்தோறும் நேரும் சிறு தனிமை. ஒரே தட்டிலிருந்து எல்லாரும் ஒவ்வொரு வில்லை எடுத்துக்கொள்ளும் மாலை வேளையில் அந்தத் தனிமை சற்று விலகுகிறது. வீட்டார் நான்கு வில்லை உண்டு நோயாளிக்கு ஒன்று கொடுப்பதைவிட, அனைவரும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது அவருக்கு மரியாதை, வீட்டாருக்கும் நல்லது.

இயலுமானால் நோயாளியையும் செய்யச் சொல்லுங்கள். நாற்காலியில் அமர்ந்தபடியே ஓட்ஸை நிறுக்கலாம், சாக்லேட்டை உடைக்கலாம், வெட்டுவதற்குக் கோடு போடலாம். பல மாதங்களாகப் பிறர் ஊட்டுவதை மட்டுமே பெற்றுவந்த ஒருவர், தம் கையால் செய்ததைப் பிறருக்கு எடுத்து நீட்டும்போது அவர் முகத்தில் தோன்றும் தெளிவை நீங்களே காண்பீர்கள். கை நடுங்குகிறவருக்கு அடுப்புப் பக்கத்து வேலையை மட்டும் தராதீர்கள்.

பராமரிப்பாளருக்கும் ஒரு வில்லை

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம், பெரும்பாலும் அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது. அதன் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளாக நான்கைக் கூறுகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர். உடனிருந்து கவனிப்பவரை மருந்துக்கு நிகராக வைத்து எண்ணிய அந்தப் பார்வையை நாம் மறந்துவிடுகிறோம். நோயாளியின் உணவைக் கிராம் கணக்கில் பார்க்கும் பராமரிப்பாளர், தாம் காலையில் உண்டாரா என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. வார்டுக்கு வெளியே காப்பியும் பிஸ்கட்டுமாகவே அவர்களுடைய நாள் கழிகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கிச் செய்துவைத்தால், பையில் ஒரு வில்லையும் ஒரு வாழைப்பழமும் எடுத்துச் செல்லலாம். வேளை உணவுக்கு இது ஈடாகாது. ஆனால் மாலை நான்கு மணிக்குத் தலைசுற்றாமல் இருக்க உதவும். உங்கள் உடல் தளர்ந்தால் நோயாளியின் பராமரிப்பும் தளரும்.

முடிவாக

அன்பினால் கொடுப்பதையும் அச்சத்தினால் மறுப்பதையும் விட, அறிந்து கொடுப்பது கடினம்; அதற்குக் கேட்க வேண்டும், நிறுக்க வேண்டும், எண்ண வேண்டும். ஆனால் ஒரு சமையல் தராசும், ஒரு சதுரத் தட்டும், ஒரு குறிப்பேடும் போதும். அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, உங்கள் வீட்டில் செய்யும் இனிப்பின் அளவுகளை எழுதி எடுத்து வாருங்கள். எத்தனை துண்டாக வெட்டுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். வார்டில் இருப்பவர்கள் செவிலியரிடம் சொன்னால் உணவியல் நிபுணர் உங்களிடம் வருவார். "கொடுக்கலாமா?" என்னும் கேள்விக்கு "ஆம்" என்றோ "வேண்டாம்" என்றோ மட்டும் சொல்லி அனுப்பாமல், யாருக்கு, எவ்வளவு, எந்த வேளையில் என்பதையும் சேர்த்துச் சொல்வது எங்கள் கடமை. அந்த விடையை நோயாளியின் முன்னிலையிலேயே கேளுங்கள், உண்ணப்போகிறவர் அவர்தாம்.